மிச்சம் பதின்மூன்று

வத்தளையில் விற்றவர் சொன்னது நாற்பது.
கரண்டில் ஓடியது இருபத்திரண்டு.
கொக்காவில் கோபுரம் கண்ணில் பட்டதும்
என்ஜின் விழித்துக்கொள்ளும்,
நித்திரையில் யாரோ இடித்துவிட்ட மாதிரி
ஒரு சின்னத் துள்ளல்.
மாங்குளம் ஆசுபத்திரி வாசலுக்கு
அங்கிருந்து இன்னும் எட்டுக் கிலோமீற்றர்.
அந்த எட்டின் விலை
மாத முடிவில் எனக்குத் தெரியும்.

சுபாங்கன் பின்இருக்கையைக் கழற்றினான்.
பற்றரிக்குக் காற்றுப் போகிற வலையில்
ஒட்டுசுட்டான் றோட்டுச் செம்மண்,
அடையாய். நகத்தால் கீறி எடுத்தான்.
"மூச்சு முட்டிக் கிடந்திருக்கக்கா."
சோர்ந்த செல் ஒன்பது. மாற்றினான்.
மடிக்கணினியைக் கொழுவி
மூன்று மணித்தியாலம் புது மென்பொருள்.
முடிந்ததும் யப்பான்காரி ஒருத்தி
டாஷ்போட்டுக்குள் இருந்து ஏதோ சொன்னாள்.
"நன்றி எண்டு வைப்பம்" என்றான்.

இரண்டாயிரத்து இரண்டில் பிறந்தவன்.
அவனுக்குச் சொன்னேன்:
ரெண்டு விதமாய் ஓடுறது எனக்குப் புதிசில்லை.
அப்பாவின் சி நைன்ரிக்கு
ஷாம்பூப் போத்தலால் ஒரு பீச்சுப் பெற்றோல்,
உதைத்து எழுப்பினால்
மிச்சத் தூரம் மண்ணெண்ணெய்,
விசுவமடு மட்டும் வெள்ளைப் புகை.
சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக்
கையால் பெடலைச் சுற்றினால் டைனமோ,
டைனமோவில் றேடியோ.
செய்தி முடியும்வரை நிறுத்தக் கூடாது.
அதுவும் பிளக்கின் தான்,
சொருகியிருந்தது நான்.

சிரித்தான்,
வேறு வேலை இருக்கிறவனின் சிரிப்பு.
பில்லில் எழுதினான்: ரேஞ்ச் 43.

இப்போது மாங்குளம் வந்தும் பதின்மூன்று மிச்சம்.
கனகராயன்குளம் மட்டும் போகலாம்.
அங்கே எனக்கு ஒரு அலுவலும் இல்லை.
முதல் நாள் சும்மா போனேன்.
நடுறோட்டில் மயில்.
வேகத்தைக் குறைத்தேன்,
கார் தானாக முனகத் தொடங்கியது.
ஊ என்று, ஒரே சுருதியில்,
நடந்து போகிறவர்களுக்கு எச்சரிக்கையாம்.
மென்பொருளோடு வந்ததை
அவன் எனக்குச் சொல்லவில்லை.
மயில் விலகிப் போனது.

அன்று பின்னேரம் எங்கள் ஒழுங்கையில்
திரேசம்மா கோழிக்கூட்டைச் சாத்திக்கொண்டு நின்றா.
கார் மெல்லத் திரும்பியது.
றோட்டைப் பார்க்கவில்லை அவ,
வானத்தைப் பார்த்தா.
பேக்கரி நகுலேசும் அண்ணாந்தான்.
ஓட்டிக்கொண்டிருந்த நானும்
முன்கண்ணாடி வழியே மேலே.
பிள்ளைகள் மட்டும் காரைப் பார்த்தார்கள்.

வண்டு என்று யாரும் சொல்லவில்லை.
சொல்லாத அந்தச் சொல்
கிளுவை வேலியில்
கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனது.

"நிப்பாட்ட ஒரு பொத்தான் இருக்கக்கா,
ஒவ்வொருக்காலும் அமத்த வேணும்.
யப்பானில அது சட்டம்."
ஒரு கிழமை அமத்தினேன்.
எட்டாம் நாள் திரேசம்மாவின் சேவல்,
எதுவும் கேளாமல் சில்லுக்குள்.

காசு வேண்டாம் என்றா.
சுடுதண்ணியில் தோய்த்து
இறகு பிடுங்கிக்கொண்டே சொன்னா:
"சத்தத்தைப் போட்டுக்கொண்டு வா.
சத்தத்தோட வாறதுக்கு ஓடலாம்."
மற்றதைச் சொல்லவில்லை.
இரவு குழம்பு வந்தது,
நெஞ்சுத் துண்டு எனக்கு.

ஞாயிறு முழுக்கக் கார் சொருகியிருந்தது.
இரவு பதினொன்றுக்குக் கரண்ட் போக,
திரேசம்மாவின் மகளுடைய பிள்ளைக்கு முட்டு.
டிக்கிக்குள் ஒரு பிளக் உண்டு, நூறு வோல்ட்,
அவர்கள் நாட்டு அளவு.
சுபாங்கனை எழுப்பி
வோல்ட்டைக் கூட்டுகிற பெட்டியை வாங்கிவந்தேன்.
மருந்துப் புகை மெசின் ஓடியது.
பிறகு விடியும்வரை ஃபானும்.
நிற்கிற கார் முனகாது.
ஒழுங்கை முழுக்கப் பிள்ளையின் மூச்சு மட்டும்,
முதலில் விசிலாய், பிறகு மூச்சாய்.

காலையில் மீற்றரில் நாற்பத்தொன்று.
பொத்தானை அமத்த மறந்தேன்,
மறந்தேன் என்றே வைப்பம்.
நகுலேசு பாண் பெட்டியோடு ஒதுங்கினான்,
பாதி அண்ணாந்து, பிறகு கையை ஆட்டி.
கொக்காவில் கோபுரம் தாண்டியது.
மாங்குளத்தில் மிச்சம்
பதினொன்று.